பதிவேடுகளில் ஒரு கைம்பெண்

மன்னர்தம் வரலாற்றை எழுத அவைப் புலவரும் அமைச்சரும் இருந்தனர். வைக்கோற் கூரையின் கீழ் வாழ்ந்து, ஓரெழுத்தும் எழுத அறியாமல் மறைந்த ஏழைப் பெண்ணின் வரலாற்றை யார் எழுதினர்? ஒருவரும் எழுதவில்லை என்றே கூறத் தோன்றும். ஆயினும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்த இத்தகைய பெண்களின் வாழ்க்கையை ஆராய்ச்சியாளர் இன்று பெரும்பாலும் அறிந்து கூறுகின்றனர். அஃது எவ்வாறு இயலும் என்பதைக் காண்போம்.

1640 ஆம் ஆண்டளவில் பிறந்து, முப்பத்தைந்து வயதிற்குள் கணவனை இழந்து, அறுபதாம் வயதில் இறந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்கு மேரி எனப் பெயரிடுவோம். அக்காலச் சிற்றூர்களில் அவள்போல் வாழ்ந்தவர் மிகப் பலர்.

முதற்சான்று கோயிற் பதிவேடு. 1538 ஆம் ஆண்டில், எட்டாம் என்றி மன்னரின் அமைச்சராகிய தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் நிகழும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருமார் எழுதிவைத்தல் வேண்டும் என ஆணையிட்டார். பங்கு என்பது ஒரு கோயிலைச் சார்ந்த ஊர் எல்லை. ஏட்டை இரண்டு பூட்டுடைய பெட்டியில் காக்குமாறும் அவர் பணித்தார். மேரியின் தந்தை யார், அவள் மணந்தது யாரை, அவள் பெற்ற மக்கள் எத்தனை பேர் என்பன அவ்வேட்டால் விளங்கும். அம்மக்களுட் சிலருக்குத் திருமுழுக்கு எழுதிய இடத்திலிருந்து இரண்டொரு பக்கம் தள்ளி அடக்கமும் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வேடுகளைப் படிப்பதற்குப் பொறுமை மட்டும் போதாது. அந்நாளில் இங்கிலாந்தில் மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாளில்தான் ஏட்டின் ஆண்டு மாறும். சனவரி முதல் நாள் ஆண்டுப் பிறப்பானது 1752 இல். மேரி 1661 மே திங்களில் மணந்தாள் என்றும், அவள் தலைமகன் 1661 பிப்ரவரியில் திருமுழுக்குப் பெற்றான் என்றும் ஏடு கூறினால், அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1662. இதனை அறியாதவன், மகப்பேற்றிற்குப் பின்னரே மணம் நடந்தது என்று எழுதி, மறுமொழி கூற இயலாத ஒரு நல்லாள்மீது பழி சுமத்திவிடுவான்.

பெயர்களாலும் மயக்கம் நேரும். மேரி, ஆன், எலிசபெத்து என்னும் சில பெயர்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. மணந்தபின் பெண் கணவனின் குடும்பப் பெயரை ஏற்கிறாள். அவன் இறந்தபின் கணக்கெழுதுவோர் அவளுடைய சொந்தப் பெயரை விட்டுக் ‘கைம்பெண் இன்னார்’ என்றே குறிப்பதும் உண்டு. ஆகவே ஓர் ஏட்டில் கண்டதை மற்றோர் ஏட்டோடு ஒப்பிட்டன்றித் துணியலாகாது. எசெக்சுப் பகுதியிலுள்ள ஏர்ல்ஸ் கோன் என்னும் ஊர் பற்றிய பழைய ஆவணங்களை எல்லாம் ஆலன் மக்பார்லேன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒருங்கு திரட்டி, பெயர் பெயராக இணைத்துக் காட்டியுள்ளனர்.

கணவன் இறந்ததும் அயலார் வீட்டிற்கு வந்து, அறை அறையாகப் பொருள்களை மதித்துப் பட்டியல் எழுதுவர். கட்டில், பித்தளைப் பானை, நூற்கும் இராட்டை, ஒரு பசு என்று அது நீளும். வாழ்ந்த வீட்டினுள் நம்மை அழைத்துச் செல்லும் ஆவணம் இதுபோல் வேறில்லை. அந்நாட்டுப் பொதுச் சட்டப்படி, மனைவியின் அசையும் பொருளெல்லாம் கணவனுடையவை. கணவன் இசைவின்றி அவள் விருப்ப ஆவணம் எழுதவும் இயலாது. கைம்பெண்ணுக்கு அத்தடை இல்லை. துயரம் வந்த நாளிலேதான் அவள் சட்டத்தின் கண்ணில் தனியொருத்தி ஆகிறாள்!

1662 முதல் 1689 வரை அடுப்பு வரி என்று ஒன்று இருந்தது. அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு ஷில்லிங். வறியோர்க்கு விலக்கு உண்டு. அவர்தம் பெயர்களும் எழுதிவைக்கப்பட்டன. அவற்றுள் கைம்பெண்கள் பலர்.

இனி, மேரியின் பெயர் பத்தாண்டு எந்த ஏட்டிலும் இல்லை என்று கொள்வோம். அவள் எங்குச் சென்றாள்? பெரும்பாலும் எங்கும் சென்றிராள். நூல் நூற்றும், அறுவடையில் கதிர் பொறுக்கியும், பிறர் கையை எதிர்பாராமல் மக்களை வளர்த்திருப்பாள். பிறந்தாரையும் மணந்தாரையும் இறந்தாரையும் வரிசெலுத்தினாரையும் உதவி கேட்டாரையும் ஏடுகள் அறியும்; தம் உழைப்பால் அமைதியாக வாழ்ந்தாரை அவை அறியா. ஏட்டில் வெறுமையாய்க் கிடக்கும் அவ்வாண்டுகளே அவள் வாழ்வில் தலைநிமிர்ந்து நின்ற ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

முதுமை வந்ததும் அவள் பெயர் மீண்டும் தோன்றுகிறது. 1601 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு பங்கிலும் ஏழையர் கண்காணிப்பாளர் ஊராரிடம் வரி தண்டி வறியோர்க்கு வழங்கினர். அவர்கள் கணக்கில், கைம்பெண் மேரிக்கு வாரந்தோறும் சில பென்னி, குளிர்காலத்தில் விறகு, ஒரு சோடிக் காலணி என்று வரிகள் வருகின்றன. அதே கணக்கில், நோயுற்ற மற்றோர் ஏழையைப் பேணியமைக்கு அவளுக்குக் கூலி கொடுத்த செய்தியும் வரக்கூடும். உதவி பெற்றவளே உதவி செய்தவளாகவும் இருந்தாள்.

இவ்வுதவி எளிதில் வந்ததன்று. வேற்றூரில் அவள் உதவி வேண்டினால், இரண்டு நீதிபதிகள் அவளை உசாவி, கணவன் உரிமை பெற்ற ஊருக்கே அனுப்பலாம். அவ்வூரை அவள் தன் வாழ்நாளில் கண்டிராமலும் இருக்கலாம்! அவள் கூறிய விடைகளை எழுத்தர் எழுத, அடியில் அவள் கீறலாக ஒரு குறியிடுவாள். அவள் கையே பட்ட தாள் அது ஒன்றாகவும் இருக்கக்கூடும். 1697 ஆம் ஆண்டுச் சட்டமோ, உதவி பெறுவோர் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தையும் வறியர் என்பதைக் காட்டும் ‘பி’ என்னும் எழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டி வலத் தோளில் அணிதல் வேண்டும் என்றது. இக்கொடுமை 1810 இல்தான் நீக்கப்பட்டது. அணிய மறுத்தாரும் இருந்தனர்.

இறுதி ஏடும் ஒரு சட்டத்தால் வந்தது. கம்பளித் தொழிலைக் காக்க, இறந்தாரைக் கம்பளித் துணியிலேயே பொதிந்து புதைத்தல் வேண்டும் என 1678 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதனை எட்டு நாள்களுக்குள் உறுதிமொழியால் மெய்ப்பித்தல் வேண்டும். மீறினால் ஐந்து பவுன் தண்டம். மேரி இறந்தபோது கண்காணிப்பாளர் தம் கணக்கில் சவச்சீலைக்கு இவ்வளவு, குழி வெட்டியவனுக்கு இவ்வளவு என்று எழுதினார். அடுத்த வரியில் வேறொரு கைம்பெண்ணுக்கு விறகு வாங்கிய செலவு எழுதப்பட்டுள்ளது.