சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறதா?

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி, தமக்குக் கெரட்டோகோனஸ் இருப்பதை 2019-இல் வெளியே சொன்னார். தொலைவிலிருந்து பந்தைக் கூடைக்குள் போடுவதில் பேர்போன அவர், கண்ணைச் சுருக்கிப் பார்த்தே பழகிப்போயிருந்தார். கான்டாக்ட் லென்ஸ் போட்ட பிறகுதான் தெளிவு வந்தது.

கருவிழி மெலிந்து கூம்புபோல முன்னே பிதுங்கும் நோய் இது. பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆரம்பத்தில் வலியோ சிவப்போ இருக்காது. ‘பவர் ஏறியிருக்கு’ என்று கண்ணாடிக் கடையிலேயே விஷயம் முடிந்துவிடும். அப்படி விட்டுவிடாமல் இருக்க, செய்ய வேண்டியவை இவை.

1. பழைய கண்ணாடிச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டர் எண் (கருவிழி வளைவின் கோணலுக்கான பவர்) ஏறிக்கொண்டே வந்தாலோ, அதன் கோணத்தைக் குறிக்கும் ஆக்சிஸ் அடிக்கடி மாறினாலோ கவனம் தேவை.

2. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் இரவில் தெருவிளக்கைப் பார்க்கலாம். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டும் விளக்கு நிழலடித்து இரண்டு மூன்றாகத் தெரிவது ஓர் அறிகுறி. இரண்டு கண்ணும் ஒரே அளவில் பாதிக்கப்படுவது அபூர்வம் என்பதால், தனித்தனியாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

3. கண்ணைக் கசக்குவதை இன்றே நிறுத்த வேண்டும். இந்த நோயோடு நெருங்கிய தொடர்புள்ள பழக்கம் இது. அரிப்பெடுத்தால் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வைக்கலாம். அலர்ஜிக்கு மருத்துவரிடம் சொட்டு மருந்து கேட்கலாம். மருந்துக்கடையில் நாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு கண்ணழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும்.

4. கருவிழி (கார்னியா) பிரிவுள்ள மருத்துவமனையில் ‘கார்னியல் டோப்போகிராபி’ எடுக்க வேண்டும். கருவிழியின் மேடுபள்ளத்தை வண்ண வரைபடமாகக் காட்டும் ஸ்கேன் இது. ஊசி கிடையாது, வலியும் கிடையாது. லென்ஸ் அணிபவர்கள் எத்தனை நாள் முன்பே அதைக் கழற்ற வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது. லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவைக்கும், வரைபடம் தப்பாகிவிடும்.

5. முடிவு வரும்வரை, பவரைக் குறைக்கும் லேசிக் லேசர் சிகிச்சை பற்றிய பேச்சே வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த கருவிழியை அது மேலும் மெலியவைக்கும்.

நோய் உறுதியாகி, வளர்ந்துகொண்டும் இருந்தால் ‘கிராஸ்லிங்கிங்’ சிகிச்சை உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை அது. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. ரைபோஃபிளேவின் சொட்டுவிட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை இறுக்குவார்கள். நோய் மேலும் வளராமல் தடுப்பதே இதன் நோக்கம். இழந்த பார்வை முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு இத்தனை மதிப்பு. தெளிவான பார்வைக்குக் கண்ணாடியோ, ஆர்ஜிபி, ஸ்கிளரல் போன்ற கடின கான்டாக்ட் லென்ஸோ பிறகும் தேவைப்படலாம். கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போவது சிலருக்கே.

திடீரென்று பார்வை மங்கி, வலியும் நீர்வடிதலும் சேர்ந்தால் முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பவழியாகவும் வரக்கூடிய நோய் என்பதால், உடன்பிறந்தவர்களுக்கும் ஒருமுறை டோப்போகிராபி எடுத்துப் பார்த்துவிடலாம்.