உங்க நிலை நொடியில்... மொத்தக் கணக்குக்கு ஏன் தாமதம்?

விண்ணப்ப எண்ணைத் தட்டினால் உங்க நிலை உடனே வந்துவிடும். "30 நாளைத் தாண்டி எத்தனை விண்ணப்பம் தேங்கியிருக்கு?" என்று கேட்டால், தேதிக்குத் தனி இன்டெக்ஸ் இல்லாத சர்வர் எல்லாப் பதிவையும் புரட்டணும்.

பிராசசர் நினைவகத்திலிருந்து ஒரு நடைக்குப் பொதுவாக 64 பைட் அள்ளும். தேதிக்கு 4 பைட் போதும். பதிவுகள் ஆள்வாரியாக, ஆளுக்கு 200 பைட் என்று அடுக்கியிருந்தால் மீதி 60 பைட் வீண் சுமைதான்! ஒரு கோடி பதிவுக்குக் குறைந்தது 640 எம்பி. தேதிகள் மட்டும் தனி வரிசையில் இருந்தால் 40 எம்பி.

வரிசையாகப் படிப்பதைக் கவனித்தால், கேட்கும் முன்பே அடுத்த 64 பைட்டை பிராசசர் எடுத்து வைக்கும். இதுதான் ப்ரீஃபெட்ச், பந்தியில் இலை காலியாகும் முன் சாம்பார் வாளியோடு நிற்பவர் மாதிரி. சிதறிய பதிவுகளில் இது பலிக்காது.

ஒருவரின் முழு விவரத்துக்கு ஆள்வாரி அடுக்கே சௌகரியம். அதனால் அறிக்கைக்குத் தனிப் பிரதி வைப்பதும் உண்டு. டாஷ்போர்டில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' பாருங்க. நேற்றைய கணக்காகவும் இருக்கலாம்.