எலும்பில் ஒரு பழைய யாத்திரையின் சுவடு

கேள்வி: பதின்மூன்று வயதான என் தங்கை மகனுக்குத் தொடையெலும்பில் வந்திருப்பது ‘யூயிங் சார்கோமா’ என்கிறார்கள். இப்பெயர் எப்படி உண்டாயிற்று? சில தேசத்தாருக்கு இது அதிகமாக வருமாமே; அப்படியானால் பரம்பரை நோய்தானா?

பதில்: நியூயார்க்கில் நோய்க்குறியியல் நிபுணராக விளங்கிய ஜேம்ஸ் யூயிங், இளம் பிராயத்தில் எலும்பிற் சீழ் பிடித்து நெடுநாள் படுக்கையிற் கிடந்தவர்; அந்தச் சீழ் நோய்தான் என்று வைத்தியர்கள் இன்றும் மயங்குவதற்கு இடந்தரும் இவ்வியாதியை 1921-இல் தனியே பிரித்துக் காட்டியவரும் அவரே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. முன்கையெலும்பிற் கட்டி கண்ட பதினான்கு வயதுச் சிறுமியொருத்திக்கு ரேடியக் கதிர் வைத்தபோது, மற்ற எலும்புப் புற்றுகள் எளிதில் மசியாத அக்கதிருக்கு இது இளகிச் சுருங்கியதைக் கண்டு, இது வேறு ஜாதி என்று அவர் துணிந்தார்.

சீழ் நோயோ என்று மயங்குவதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல், வீக்கம், இரவில் மிகும் வலி, ரத்தப் பரிசோதனையில் ஏறிய ஈ.எஸ்.ஆர். ஆகியவை இரண்டுக்கும் பொது. எக்ஸ்-ரே படத்தில் எலும்பின் மேலுறை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காய்த் தெரிவது இப்புற்றின் லட்சணம் என்பார்கள். ஆனால் சீழ் நோயிலும் அது தோன்றக்கூடும் என்பதால், பயாப்ஸி எடுத்துப் பார்க்காமல் எந்த நல்ல வைத்தியரும் முடிவு சொல்வதில்லை. அந்தத் துணுக்கைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நீலச் சாயத்தில் தோய்த்த கடுகைப் பரப்பியதுபோலச் சிறிய, உருண்டையான அணுக்கள் நெருங்கிக் கிடக்கும். அதன்பின், 22-ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரு பக்கத்திலும் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் குறிகளை ஒட்டவைப்பார்கள். சுகமான அணுவில் அவை இணைந்து ஒரே புள்ளியாக நிற்க, நோயுற்ற அணுவில் தனித்தனியே விலகி நிற்கும். அந்தக் குரோமோசோம் முறிந்து, பெரும்பாலும் 11-ஆம் குரோமோசோமின் துண்டோடு இடம் மாறி ஒட்டிக்கொண்டது என்பதே அதன் பொருள். இவ்விதம் இணைந்த மரபணு இன்னதென்று 1992-இல் பாரிஸ் நகரத்து ஒலிவியே தெலாத்ர் குழுவினர் வெளியிட்டார்கள்.

இனித் தேசங்களைப் பற்றிய பேச்சு. அமெரிக்காவில் ஒரே மண்ணில், ஒரே தண்ணீர் குடித்து வாழும் மக்களிடையே, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிடச் சுமார் ஒன்பது மடங்கு அதிகமாக இந்நோய் வருகிறது. ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் இது அபூர்வம். முழங்காலருகே தோன்றும் ஆஸ்டியோசார்கோமா என்னும் மற்றோர் எலும்புப் புற்றிலோ இத்தனை பெரிய பேதம் இல்லை. ஆதலால் காரணத்தை உடம்புக்குள்ளேயே தேடினார்கள். ஒட்டிப் பிறந்த அந்த மரபணு உண்டாக்கும் புரதம், டி.என்.ஏ.யில் ஜி-ஜி-ஏ-ஏ என்னும் நான்கெழுத்து மீண்டும் மீண்டும் வரும் இடங்களைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. 10-ஆம் குரோமோசோமில் அப்படிப்பட்ட ஒரு வரிசையில், ஓரெழுத்து மாறுவதால் இடையறாத நீண்ட சங்கிலி அமைந்துவிடுவதையும், அதனால் புற்றணுவின் வளர்ச்சிக்கு வேண்டிய அண்டை மரபணு பலமாகத் தூண்டப்படுவதையும் 2015-இல் கண்டார்கள். இந்நோய்க்கு இடங்கொடுக்கும் இத்தகைய மரபு வடிவங்கள் ஐரோப்பியரிடம் மிகுதி, ஆப்பிரிக்கரிடம் குறைவு.

பல்லாயிரம் ஆண்டுகளுக்குமுன் ஆப்பிரிக்காவிலிருந்து சிறு சிறு கூட்டங்களாகப் புறப்பட்டவர்கள், தாய்நிலத்தின் மரபுச் செல்வத்தில் ஒரு பிடியை மட்டுமே உடன்கொண்டு போனார்கள்; அப்பிடியிற் சேர்ந்துவிட்ட எழுத்து, ஏறக்குறைய யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமலே, தலைமுறைகள்தோறும் பெருகியிருக்கலாம். மேனியின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரத்தான் செய்கிறது.

உங்கள் இறுதிக் கேள்விக்கு விடை: பரம்பரை நோய் அன்று. முன்னோர் விட்டுச்சென்றது அந்த எழுத்து வரிசையை மட்டுமே. அதைச் சுமக்கும் கோடானுகோடிப் பேருக்கு ஒன்றும் நேர்வதில்லை. குரோமோசோம் முறிந்தது இப்பிள்ளையின் உடம்பிலேயே, ஏதோ ஓரணுவில். தங்கை உண்டதாலோ உண்ணாததாலோ, விளையாட்டில் அவன் விழுந்ததாலோ வந்ததன்று என்று அவரிடம் இன்றே சொல்லுங்கள். உடன்பிறந்தாருக்கும் இது வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.