வீராம்பட்டினத்து மணலில் காகிதப்பூவா, முலாம்பழமா?

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தை அடுத்து அமைந்த வீராம்பட்டினத்தில், வீட்டு முற்றமாகவோ கொல்லையாகவோ எஞ்சியிருக்கும் நிலம் பெரும்பாலும் சிறிய பரப்புடையதாகவும் மணற்பாங்கானதாகவும் இருப்பதால், அதில் எதை நடுவது என்று முடிவு செய்வோர் எதை விடுவது என்றும் உடனே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. மதில்மீது படர்ந்து நிறம் காட்டும் காகிதப்பூவும், கோடைத் தாகத்துக்குப் பழம் தரும் முலாம்பழக் கொடியும், அதாவது கடைத்தெருவில் கிர்ணி என வழங்கும் கொடியும், இம்மணலில் வளரக்கூடியவை. இரண்டும் நாள் முழுதும் வெயிலை விரும்புகின்றன. இரண்டும் தை முதல் சித்திரை வரையிலான வறண்ட மாதங்களில்தான் தம் முழுப் பயனைத் தருகின்றன. இந்த ஒற்றுமைகளைக் கண்டு, அழகு வேண்டுவோர் முன்னதையும் சுவை வேண்டுவோர் பின்னதையும் நட்டால் போதும் என்று கொள்வது போதிய ஆய்வில்லாத முடிவாகும். ஏனெனில் அந்த நான்கு மாதங்களில் ஒரு செடி நீர் குறைவதால் பூக்கிறது, மற்றொன்று நீர் குறைந்தால் காய்க்காமலே போகிறது. ஆகவே வீட்டுக் கிணற்றில் அல்லது கைப்பம்பில் மாசி, பங்குனியில் கிடைக்கும் நீரின் அளவையும் தன்மையையும் கொண்டே இத்தேர்வைச் செய்ய வேண்டும்.

காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடலோடி பூகேன்வில்லின் உலகப் பயணத்தில் உடன் சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன் 1767-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தார். பயணத் தலைவரின் பெயரே செடிக்கு இடப்பட்டது. அந்திமந்தாரையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பூ என்று பலரும் எண்ணும் மென்மையான நிறப் பகுதி உண்மையில் பூவடிச் செதில், அதாவது பூவைத் தாங்குவதற்காக உருமாறிய இலை. உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே மும்மூன்றாக நிற்கும் சிறிய வெளிர்நிறக் குழல்களே. செதில்கள் உலர்ந்த பின்னும் நெடுநாள் நிறம் மாறாமல் இருப்பதால்தான் இச்செடியின் அழகு வாரக்கணக்கில் நீடிக்கிறது. முலாம்பழம் இதற்கு நேர்மாறாக இந்நாட்டுக்கு மிகப் பழைய உறவு. அது பயிராக்கப்பட்ட இடங்களுள் இந்தியாவும் ஒன்று என்பதற்கு மரபியல் சான்றுகள் உள்ளன. வெள்ளரியும் அதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

நீரின் தேவையில்தான் இவ்விரண்டின் இயல்பும் முற்றிலும் பிரிகிறது. நன்கு வேரூன்றிய காகிதப்பூச் செடி, பகல் குறுகி மண்ணும் காயும் காலத்தில் இலை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பூக்கத் தொடங்குகிறது; அப்போது நாள்தோறும் நீர் ஊற்றினால் அது மீண்டும் இலையும் தண்டுமாகத் தழைத்து, பூவைத் தள்ளிப்போடுகிறது. பூக்கவில்லையே என்ற கவலையில் மேலும் நீரும் எருவும் இடுவதே இச்செடி வளர்ப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. முலாம்பழக் கொடிக்கோ விதை முளைத்தது முதல் காய் பருக்கும் வரை மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். மணல் நீரைப் பிடித்து வைக்காது என்பதால், ஒரே நாளில் நிறைய ஊற்றி நான்கு நாள் காயவிடுவதைவிட, காலைதோறும் சிறிது சிறிதாக விடுவதே ஏற்றது. ஈரம் திடீரென ஏறி இறங்கினால் காய் வெடிக்கும். பழம் முற்றும் கடைசிப் பத்து நாட்களில் மட்டும் நீரைக் குறைத்தால் இனிப்பு கூடும்.

நீரின் அளவைவிட அதன் உப்பு இங்கே பெரிய கேள்வி. கடலோர நிலத்தடியில் நன்னீர் கடல்நீரின்மேல் மெல்லிய அடுக்காகவே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தடிக்கும் அவ்வடுக்கு கோடையில் இறைப்பு மிகும்போது மெலிய, கிணற்று நீர் உவர்க்கத் தொடங்குகிறது. காகிதப்பூ உப்புக் காற்றையும் ஓரளவு உவர்நீரையும் தாங்கும் செடி என்பதால் கடற்கரையை நோக்கிய மதிலுக்கும் ஏற்றது. முலாம்பழம் உப்பை ஓரளவுக்கு மேல் தாங்காத பயிர்களின் வகுப்பில் வைக்கப்படுகிறது. மண்ணின் உப்பை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அளப்பது வழக்கம். நீரில் கரைந்த உப்பு மிகுமளவு மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதே இதன் அடிப்படை. மேற்சொன்ன வகுப்பிலுள்ள பயிர்களின் விளைச்சல், மண்சாற்றின் கடத்துதிறன் மீட்டருக்கு 1.3 முதல் 3 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டும்போது குறையத் தொடங்குகிறது. இலை விளிம்பு கருகுவதும், பிஞ்சு சிறுத்து நிற்பதும் அதன் வெளிப்படையான அறிகுறிகள். நாக்கில் பட்டவுடனே உப்புத் தெரியும் நீர் இக்கொடிக்கு ஆகாது. ஐயம் இருப்பின் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெற்று, நீரையும் மண்ணையும் ஆய்வுக்கு உட்படுத்திய பிறகு விதை வாங்குவது நல்லது. அச்சோதனையை மழை முடிந்த மார்கழியில் செய்யாமல் முந்தைய கோடையிலேயே செய்திருந்தால்தான் உண்மை நிலை தெரியும்.

எருவிலும் இதே முரண் தொடர்கிறது. மீன்பிடி ஊராகிய வீராம்பட்டினத்தில் மீன் கழிவு எளிதில் கிடைப்பதால், அதனுடன் சம எடை வெல்லம் சேர்த்து மூடிவைத்து மூன்று வாரத்துக்கு மேல் நொதிக்கவிட்டு எடுக்கும் மீன் அமிலம், முலாம்பழக் கொடிக்கு மிகச் சிறந்த தழைச்சத்தாக அமைகிறது. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி என்ற அளவில் கலந்து கொடி ஓடும் பருவத்தில் தெளிக்கலாம். இதையே காகிதப்பூவுக்கு ஊற்றினால் இலை செழித்துப் பூ குறையும். கருவாட்டுக் கழிவில் உப்பு மிகுதியாக இருப்பதால் அதை இரண்டுக்குமே தவிர்க்க வேண்டும். தென்னை நார்க்கழிவு மணலில் ஈரம் காக்கும். ஆனால் அதிலும் இயல்பாக உப்பு இருப்பதால் நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்னரே குழியில் இட வேண்டும்.

முலாம்பழத்தைத் தேர்வோர் பொங்கல் கழிந்தபின் விதைப்பதே பாதுகாப்பானது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பெய்ததை நினைத்தால், கார்த்திகையில் விதைப்பது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும். ஓரடி ஆழக் குழியில் மட்கிய தொழு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, ஐந்தாறு விதை ஊன்றி, முளைத்தபின் திடமான இரண்டை மட்டும் விட வேண்டும். ஒரே கொடியில் ஆண்பூக்களும், ஆண் பெண் உறுப்புகள் சேர்ந்த இருபால் பூக்களும் தோன்றுகின்றன. முதலில் வருபவை ஆண்பூக்களே என்பதால் அவை உதிர்வது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காய் பிடிப்பது தேனீயின் கையில் இருக்கிறது. காகிதப்பூவின் குறுகிய குழல் தேனீயை அவ்வளவாக ஈர்ப்பதில்லை; கொடியருகே துளசியை வளர்ப்பதே பயன் தரும். காகிதப்பூ முலாம்பழத்துக்குத் துணை செய்யும் என்ற எதிர்பார்ப்பு ஆகையால் வீண். பழ ஈ முட்டையிடாதபடி பிஞ்சுகளைக் காகிதத்தால் மூடுவதும், சுடுமணல் படாதபடி கீழே காய்ந்த தென்னங்கீற்றைப் பரப்புவதும் கட்டாயம். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ஜீத் சிறிய, மிக இனிய பழம் தருவதாதலால் இடம் குறைந்த வீட்டுக்குப் பொருந்தும். பூத்து ஐந்து ஆறு வாரங்களில், மணம் எழுந்து காம்பு தானாகவே பிரியும் நிலையில் பறிக்க வேண்டும். ஒரு கொடிக்கு மூன்று நல்ல பழம் கிடைத்தால் அது நிறைவான விளைச்சலே.

காகிதப்பூவைத் தேர்வோர் பல்லாண்டுக்கு ஓர் இடத்தை ஒப்படைக்கிறார்கள் என்பதை உணர வேண்டும். அதன் வேர்கள் மென்மையானவை. நடும்போது மண்கட்டி உடையக்கூடாது, பின்னர் இடம் மாற்றுவதும் கடினம். மழைநீர் தேங்கினால் வேர் அழுகுவதால் சிறு மேட்டில் நடுவது நன்று. கொடி தானாகச் சுவரைப் பற்றுவதில்லை, வளைந்த முள்ளால் சாய்ந்தே ஏறுகிறது. எனவே தாங்கி வேண்டும், அத்தாங்கி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்பாக இல்லாமல் சவுக்குக் கழியாக இருப்பது மேல். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் போன்ற காற்றில் கத்தரிக்கப்படாத பெரும் புதர் பாய்போலக் காற்றை வாங்கி, தாங்கியையும் மதிலையும் சேர்த்துச் சாய்க்கக்கூடும். பூப்பு முடிந்ததும் வைகாசியில் ஒருமுறை கத்தரித்து வைத்தால் அந்த அச்சமும் குறையும், அடுத்த பூப்பும் சிறக்கும். குழந்தைகள் ஓடும் ஒடுங்கிய வாசலில் இதன் முள் ஒரு மெய்யான குறை. கோயிலுக்கோ கூந்தலுக்கோ இப்பூ வழக்கத்தில் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊர்க் கோயிலின் செங்கழுநீர் அம்மனுக்கு வீட்டுப் பூ சார்த்த விரும்புவோர் மல்லிகையையோ அரளியையோ நாடுவதே முறை.

இவற்றை வைத்துப் பார்த்தால், கோடையிலும் நன்னீர் தரும் கிணறும், நான்கு மாதம் காலையில் நேரம் ஒதுக்கும் ஆளும் உள்ள வீட்டில் முலாம்பழமே முதல் தேர்வாக அமைய வேண்டும். பழம் மட்டுமன்றி, சித்திரையில் கொடியை அகற்றியபின் நிலம் மீண்டும் கைக்கு வருவதும் அதன் சிறப்பு. நீர் உவர்த்த வீட்டில், ஆள் பெரும்பாலும் வெளியே இருக்கும் வீட்டில், கடலைப் பார்த்த மதிலில் காகிதப்பூவே தகும். இரண்டையும் விரும்புவோர் காகிதப்பூவைத் தரையில் நடாமல் ஓரடிக்கு மேல் அகலமான மண்தொட்டியில் வைத்து, அதன் நீரைக் கொடியின் நீரிலிருந்து பிரித்துக்கொள்ளலாம். தொட்டியின் நெருக்கமே வேரை இறுக்கிப் பூப்பைத் தூண்டும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒரே செடியில் காட்டும் மேரி பாமர் போன்ற வகைகள் தொட்டிக்கும் இசைகின்றன. முலாம்பழம் எடுத்த குழியில் அடுத்த இரண்டாண்டுக்கு வெள்ளரி, பூசணி இனத்தை நடாமல், ஆடியில் சணப்பு விதைத்துப் பூக்குமுன் மடக்கி மூடினால் மணலுக்கு மட்கு சேரும்.