காப்புறுதித் தொழிலும் நம் மகளிரும்

‘காப்பு’ என்னுஞ் சொல் தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றியது. நூலின் முகப்பில் நிற்பது காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழின் முதற் பருவம் காப்புப் பருவம். குழந்தையின் கையில் அணிவதும் காப்பே. இச்சொல்லோடு உறுதியைச் சேர்த்துக் ‘காப்புறுதி’ என ஈழத்தில் வழங்குகின்றோம். தமிழகத்தார் ‘காப்பீடு’ என்பர். இரண்டனுள் நமது சொல்லே பொருத்தமுடையதென்பது என் கருத்து. இடுவது பணமாயினும் பெறுவது உறுதியன்றோ? அவ்வுறுதியை விற்றலும், அதற்குரிய கட்டணத்தைக் கணித்தலும், இடர் வந்தவிடத்து அதனை நிறைவேற்றலும் ஒரு பெருந்தொழிலாய் வளர்ந்துள்ளன. அத்தொழிலில் மகளிர் எவ்விடத்து நிற்கின்றனர், எவ்வளவு உயர்தல் கூடும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பழைய மாணவர் மலரில் இப்பொருள் எதற்கென வினவுவோர்க்கு ஒன்று கூறுவேன். மகளை எத்தொழிற்கு அனுப்புவதென முடிவு செய்யும் தந்தையரும், கந்தோரில் எவரை உயர்த்துவதென முடிவு செய்யும் முகாமையாளரும் இம்மலரைப் படிப்போரிற் பலர்.

முதற்கண் வெளியுலகை நோக்குவோம். இலண்டன் மாநகரில் 17ஆம் நூற்றாண்டில் ஒரு கோப்பிக் கடையிலே தோன்றிய லொயிட்ஸ் நிறுவனம் கப்பற் காப்புறுதிக்குத் தாயகம் போன்றது. அதன் வாணிப மண்டபத்தில் தரகராகப் பணிபுரிய ஒரு பெண்ணுக்கு முதன்முதல் இடங் கிடைத்தது 1973இலேதான். லிலியானா ஆர்ச்சிபோல்ட் என்பார் அவர். இங்கா பீல் என்னும் அம்மையார் அந்நிறுவனத்தின் முதற் பெண் தலைமை நிறைவேற்று அதிகாரியானது 2014இல். அறிவுக் குறைவினால் நேர்ந்த தாமதமன்று இது. இறப்பு விகிதங்களை ஆராய்ந்து கட்டணம் வகுக்கும் கணக்கறிஞரை ‘அக்சுவரி’ என்பர். அதற்குரிய பரீட்சைகள் மிகக் கடினமானவை. அவற்றிற் பிரித்தானியாவில் முதன்முதல் தேறிய பெண்மணியான டொரதி டேவிஸ் 1923இலேயே தேறிவிட்டார். பரீட்சை மண்டபத்திற் கதவு திறந்து ஐம்பதாண்டு கழிந்த பின்னரே வாணிப மண்டபத்திற் கதவு திறந்தது.

பாரத நாட்டில் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுட் காப்பீட்டுக் கழகம் 1956இல் நிறுவப்பட்டது. அதன் முதற் பெண் நிருவாக இயக்குநராக உஷா சங்வான் அமர்ந்தது 2013இல். அதாவது 57 ஆண்டுகளின் பின். அவர் 1981இல் அலுவலராய்ச் சேர்ந்தவர். முப்பதாண்டுக்கு மேல் படிப்படியாய் ஏறியே அவ்விடத்தை அடைந்தார்.

இத்தாமதத்திற்குக் காரணம் யாது? இத்தொழிலில் இரண்டு ஏணிகள் உள. ஒன்று கந்தோர் ஏணி: விண்ணப்பங்களை ஆராய்தல், கோரிக்கைகளைத் தீர்த்தல், கணக்கு வைத்தல். மற்றையது களத்து ஏணி: முகவராய் வீடு வீடாகச் சென்று, பின் குழுவை நடத்தி, கிளை முகாமையாளராதல். வருவாயைக் கொணர்வது களமாதலின் உயர்பதவிக்குச் செல்லும் வழியும் பெரும்பாலும் அதன் வாயிலாகவே செல்கின்றது. பெண்களைப் பாதுகாப்பென்று எண்ணி மேசையில் அமர்த்துகின்றோம்; அம்மேசையே அவர்களைத் தடுத்து நிறுத்திவிடுகின்றது. இதனோடு இடமாற்றமும் சேர்கின்றது. கொழும்புக்கோ கண்டிக்கோ சென்று இரண்டாண்டு இருந்து வா என்றால் ஆண் புறப்படுகின்றான். பெண்ணின் வீட்டிலோ அக்கடிதத்தைப் பிரிக்கும்போதே விடை எழுதப்பட்டுவிடுகின்றது.

இலக்கியம் பயில்வோர்க்கு இத்துறை ஏற்றதன்று என்பாரும் உளர். தமிழாசிரியனாகிய எனக்கு இவ்வெண்ணம் உடன்பாடன்று. கேரளத்தைச் சேர்ந்த ஆலிஸ் வைத்யன் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1983இற் காப்புறுதித் துறையிற் புகுந்த அவர், 2016இற் பாரதத்தின் பொதுக் காப்பீட்டுக் கழகத்துக்குத் தலைவரானார். காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்புறுதி அளிக்கும் பெருநிறுவனம் அது. ஒரு காப்புறுதிப் பத்திரம் சொற்களாலாய ஒப்பந்தம். ‘ஆயின்’, ‘அல்லது’, ‘தவிர’ என்னும் சிறு சொற்களே இழப்பீடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. சொல்லைக் கூர்ந்து படிக்கப் பழகியவர்க்கு அங்கு வேலை நிரம்ப உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராயிருந்த காலத்தில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஒரு பெண்ணின் ஆட்சியிலேயே இத்துறை அரசின் கைக்கு வந்தது என்பது நினைக்கத்தக்கது. 1980களின் பிற்பகுதியில் மீண்டும் தனியார்க்கு வழிவிடப்பட்டது. துறையை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவின் தலைவராக இந்திராணி சுகததாசவும், பணிப்பாளர் நாயகமாகத் தமயந்தி பெர்னாண்டோவும் பணியாற்றியுள்ளனர். ஆகவே தலைமை ஆற்றல் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை.

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், பெண்ணுக்குள்ள இடம் தனித்தன்மை வாய்ந்தது. குடி தாய்வழியே வருகின்றது. வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. மருமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கின்றான். காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்க, காப்புறுதியைப் பற்றிப் பேச வருபவர் மட்டும் ஆணையே தேடி வருகின்றார். உழைப்பவன் உயிருக்குக் காப்புறுதி செய்தல் முறையே. ஆயினும் அவ்வுழைப்பாளி இல்லாதொழிந்த நாளிற் பத்திரத்தைக் கையிலெடுப்பவள் அவளல்லளோ?

2004 மார்கழி 26ஆந் திகதி கடல் கல்லடியையும் நாவலடியையும் மூடியபோது பலரின் உடல்கள் கிடைக்கவில்லை. உடலின்றி இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழின்றிக் காப்புறுதிப் பணம் பெறுதல் அரிது. குறித்த காலம் செய்தியற்றவரையே இறந்தாராகக் கொள்வது பொதுச் சட்டம். இக்குறையை நீக்க 2005இல் ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றப்பட்டது. போரிற் காணாமற்போனோர்க்காக 2010இல் மற்றொன்று வந்தது. கணவன் இறந்தானென ஒப்ப மனமில்லாதார்க்காகக் காணாமைச் சான்றிதழ் பெறும் வழி 2016இல் ஏற்பட்டது. இச்சட்டங்களை அறிந்து, அத்தகைய பெண்ணின் திண்ணையிலமர்ந்து, அவள் அழுது முடியுமளவும் பொறுத்து, எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பதென விளக்கவல்லார் யார்? பெண் அலுவலரே இதற்கு மிகத் தக்கவர். அவர் முகவராய் மட்டும் இருந்தாற் போதாது. கோரிக்கையை ஏற்கும் அதிகாரமும் அவர்க்கு வேண்டும்.

உயர்தர வகுப்பிற் கணிதத்தில் வல்ல மாணவியர் அக்சுவரிப் பரீட்சைகளைப் பற்றியும் விசாரித்தறிதல் நன்று. ஏனையோர்க்கு முகவர் பரீட்சையும், அதன்மேல் இலண்டன் பட்டயக் காப்புறுதிக் கழகத்தின் பரீட்சைகளும் உள. தந்தையர் மகளின் இடமாற்றக் கடிதத்தை அவளிடமே கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை வாய் திறவாதிருத்தல் நலம். கிளைகளுக்குப் பொறுப்பாயுள்ள நம் பழைய மாணவர், அடுத்த முகாமைப் பயிற்சிக்குப் பெயர்கள் அனுப்புங்கால் மேசையிலிருக்கும் பெண்ணின் பெயரையும் சேர்த்தனுப்புவாராக. வேண்டாமென்பதாயின் அதனை அவரே சொல்லட்டும்.