ஆராய்ச்சிக்கு அனுப்பும் மாதிரிகள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. பானையிலுள்ள அரிசியெல்லாம் ஒரே நீரில் வேகின்றமையால் அது பொருந்துவதாயிற்று. வயலோ அவ்வாறு ஒரே தன்மையதன்று. ஆகவே மாதிரியை எடுக்குமுன், அதனைக்கொண்டு அறியவேண்டுவது யாதென்று தெளிதல் அவசியமாகும்.

மண்: மண்ணை ஆராய்வோர் வயல் முழுவதற்குமுரிய சராசரித் தன்மையை அறிய விரும்புவர். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை நீக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் 6 அங்குல ஆழத்திற்குக் குழி வெட்டி, அதன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் செதுக்கி எடுத்தல் வேண்டும். எடுத்த மண்ணை ஒன்றாய்க் கலந்து பரப்பி, நான்கு பாகமாக்கி, எதிரெதிரான இரு பாகங்களைத் தள்ளிவிடுக. அரைக் கிலோ எஞ்சும்வரை இங்ஙனம் செய்து, நிழலில் உலர்த்துக. எருக்குவியலருகே எடுத்த ஒரு பிடி மண்ணை அனுப்பினால், சத்துக்குறைந்த நிலத்திற்கும் உரம் வேண்டுவதில்லை என்றே விடை வரும். அதனால் நேரும் நஷ்டம் பயிரிட்டவரையே சாரும்.

நோய்: பயிர்நோய் ஆராய்வோருக்குச் சராசரி பயன்படாது. முற்றும் பட்டுப்போன செடியும் உதவாது. அதன்மேல் வேறு காளான்கள் படர்ந்து உண்மைக் காரணத்தை மறைத்துவிடும். நோய் புதிதாய்த் தொடங்கிய, பசுமையும் புள்ளியும் சேர்ந்திருக்கும் இலைகளையே காகிதத்தினிடையே வைத்து அனுப்புக. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையிலிட்டால் அழுகிவிடும். வாடல் நோயாயின் வேரோடு எடுத்தல் வேண்டும்.

பூச்சி: புழுக்களை 70 சதவீதச் சாராயத்தில் இடுக. அந்துப்பூச்சிகளை அதிலிடலாகாது, இறகின் செதில்கள் கெடுமாதலால், அவற்றை உலர்ந்த பெட்டியில் வைத்தனுப்புக.

சீட்டு: கிராமம், சர்வே எண், பயிர், ரகம், இட்ட உரம், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒவ்வொரு மாதிரியுடனும் இருத்தல் வேண்டும். சர்வே எண்ணைக் கிராம அதிகாரிகள் சரிபார்த்துக் கொடுப்பது பேருதவியாகும்.

இச்சிறு சீட்டின் அருமைக்கு ஒரு சான்று கூறுவோம். 1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கருகல் நோய் அழித்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர்த்திய நோயுற்ற இலைகள், இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலும் ஜெர்மனியின் மூனிச் நகரிலும் சேமிக்கப்பட்டிருந்தன. 2013-இல் விஞ்ஞானிகள் அவ்விலைகளிலிருந்து நோய்க்கிருமியின் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, அப்பஞ்சத்தை விளைத்த கிருமிவகை இன்னதென்று கண்டறிந்தனர். இடமும் தேதியும் குறிக்கப்படாதிருந்தால் அவை வெறும் சருகுகளே.

ஆகவே விவசாயிகள் மாதிரியைக் கவனமாய் எடுத்து, சீட்டோடு அனுப்புவார்களாக. விடையின் உண்மை, எடுத்தவர் கையிலேயே தொடங்குகிறது.