தாம்பரத்துத் திராட்சைக்குக் குளிர் வேண்டாம், கவாத்து வேண்டும்

"சென்னையில குளிர் இல்லைங்க, அதனால திராட்சை காய்க்காது." மார்கழி பிறந்தால் போதும், தாம்பரத்தைச் சுற்றிச் சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சுதான். மொட்டைமாடிப் பந்தல் கொள்ளாமல் கொடி படர்ந்திருக்கும். ஒரு குலை இருக்காது. பழியைத் தூக்கி வானிலைமேல் போட்டுவிடுகிறார்கள். இதை நம்பி, நன்றாக வளர்ந்த கொடியை வேரோடு பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழமரங்களின் குளிர்த்தேவையைப் பொதுவாக 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழியும் மணி நேரங்களாகக் கணக்கிடுவார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. அந்தக் கணக்கில் இங்கே ஒரு மணி நேரம்கூடத் தேறாது, உண்மைதான். ஆனால் குளிர்தான் காய்க்க வைக்கிறது என்றால், நமக்கும் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையே இருக்கக் கூடாது. அங்கேயோ ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் அறுவடை எடுக்கிறார்கள். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலைக்காற்றால் அங்கே நிறமும் மணமும் கூடலாம், மறுக்கவில்லை. ஆனால் கொடியைக் காய்க்க வைப்பது கவாத்துக் கத்தரிதான்.

காரணம் எளிது. ஐரோப்பாவில் குளிர் வந்ததும் திராட்சை இலையை உதிர்த்து உறங்கும். வசந்தத்தில் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். நம் ஊரில் அது உறங்குவதே இல்லை. கொடியின் நுனி வளர்ந்துகொண்டே போகும். பின்னால் இருக்கும் மொட்டுகளை எழவிடாது. பூங்கொத்து வருவதோ, போன பருவத்தில் முற்றிப் பழுப்பேறிய கிளையின் மொட்டிலிருந்து கிளம்பும் புதுத் தளிரில். நுனியை வெட்டாமல் அந்த மொட்டு எப்படி எழும்? வருடக் கணக்கில் கத்தரியே படாத கொடியில் இலையைத் தவிர வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

பென்சில் பருமனுள்ள முற்றிய கிளைகளில் பன்னீர் ரகத்துக்கு நான்கு மொட்டு விட்டு வெட்டுங்கள். மெலிந்த, முற்றாத கிளைகளில் ஒன்றிரண்டு மொட்டு போதும். அவை அடுத்த பருவத்துக்கான கிளைகளைத் தரும். கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டு, வெட்டியபின் தொழுவுரம் வைத்து நன்றாகப் பாய்ச்சுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மட்டும் கத்தரியை எடுக்காதீர்கள். இளந்தளிர் நனைந்தால் அடிச்சாம்பல் நோய் வந்து பூவோடு கருகிவிடும். அந்த மழை டிசம்பரிலும் மிரட்டும்: 2023இல் மிக்ஜாம் புயல் வந்தது டிசம்பர் முதல் வாரத்தில். ஆகவே பொங்கலை ஒட்டி வெட்டுவதே இந்தப் பக்கத்துக்கு நல்லது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் கைக்கு வரும்.

இளங்கொடியிடம் காய் கேட்காதீர்கள். ஒற்றைத் தண்டாகப் பந்தல்வரை ஏற்றி, அங்கே நுனியைக் கிள்ளி, எதிரெதிராக இரண்டு கைகள் விட வையுங்கள். பக்கக் கிளைகளையும் கிள்ளிக் கிள்ளித்தான் பந்தலை நிரப்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கும் கொடியில் வெயில் படாது. வெயில் படாத மொட்டில் பூ உருவாகாது.

வேறு கட்டுக்கதைகளும் உண்டு. காய்க்காவிட்டால் "இது ஆண் கொடி" என்பார்கள். காட்டுத் திராட்சையில் ஆண், பெண் தனித்தனி. நாம் நடும் ரகங்களில் ஒரே பூவில் இரண்டும் உண்டு. வெட்டிய இடத்தில் நீர் சொட்டினால் கொடி செத்துவிடுமாம். அது வேர் மேலேற்றும் நீர், சில நாளில் தானே நிற்கும். கறி கழுவின தண்ணீர் ஊற்றினால் குலை தள்ளுமாம். தழைச்சத்து ஏறி இலைதான் பெருக்கும். கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டால் தாயைப் போலப் பழம் வராது. முற்றிய குச்சியில் நான்கு கணு உள்ள துண்டை வேர்பிடிக்க வைத்து நடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். டிரம்மில் வைத்த கொடியைவிட நிலத்தில் வேர்விட்டு மாடிக்கு ஏறும் கொடிக்கு வலு அதிகம். அதற்கு மண் எங்கே? தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் புது வீடு எழும்பினால் காம்பவுண்டு சுவர்வரை சிமென்ட் பூசிவிடுகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் வரதராஜபுரமும் முடிச்சூரும் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறார்கள். வாசலோரம் மூன்றடிக்கு மூன்றடி மண்ணைத் திறந்து விடுங்கள். மழைநீர் கொஞ்சமாவது உள்ளே இறங்கும், ஒரு திராட்சைக் கொடியும் அங்கே வேர்பிடிக்கும்.